நாலாவது மாடி வரை

இந்த வாரம்தான் கதை கேட்க வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வரி போதும். ஃபோர்மேன் இறந்துவிட்டார். அவர் பூட்டிய லிஃப்ட் இன்னும் பூட்டியே இருக்கிறது.

பதினோரு மாடிக் கட்டடம். அதன் உச்சியில் மெஷின் ரூம். போன வாரம் ஒரு காலையில் ஃபோர்மேன் அங்கே ஏறிப் போய், லிஃப்டுக்கு மின்சாரம் தரும் மெயின் சுவிட்சை இறக்கி, வேலை முடியும் வரை வேறு யாரும் அதை ஏற்றிவிடாதபடி அதில் தன் பச்சைப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சுவரோரம் சரிந்தார். காலமெல்லாம் ஊராரை அலுங்காமல் ஏற்றி இறக்கிய மனிதரை, நாலு பேர் படிக்கட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதாயிற்று. லிஃப்டை அவர்தான் பூட்டி வைத்திருந்தாரே.

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

பூட்டு மட்டும் இன்னும் டியூட்டியில் இருக்கிறது. அதில் கோத்த அட்டையில் அவர் புகைப்படம். படத்துக்குக் கீழே, ‘ஆள் வேலையில் இருக்கிறார். தொடாதே.’

சாவி அம்மாவிடம், அதாவது ஃபோர்மேன் மனைவியிடம், இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வாட்ச், கண்ணாடி, சீப்பு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். மற்றவை கவரிலேயே கிடக்கின்றன. சாவி மட்டும் அம்மாவின் உள்ளங்கையில். தூங்கும்போதும். தூங்கினால்.

சாவி இல்லாவிட்டால் என்ன, கட்டரை வைத்து அழுத்தினால் பூட்டு பல்லை இளித்துவிடும். ஆனால் அவர் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனி மெக்கானிக்குகளில் ஒருவன்கூடக் கட்டரைத் தொட மாட்டேன் என்கிறான். அத்தனை பேரும் ஃபோர்மேன் வளர்த்தவர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஆளுக்கொரு பூட்டு வாங்க வைப்பார். அவனவனுக்கு ஒரு கலர். கூட வரும் இரண்டாவது சாவியை அவனவன் கையாலேயே சாக்கடையில் போடச் சொல்வார். “ரெண்டாவது சாவி வெச்சுக்கணும்னா ரெண்டாவது உசுரும் வெச்சிருக்கணும்டா” என்பார்.

யார் பூட்டோ அவர்தான் திறக்க வேண்டும். முதலாளியே வந்து காலில் விழுந்தாலும் அடுத்தவன் பூட்டில் கை வைக்கக் கூடாது. வேலையை விட்டு ஓடிப்போனவன் பூட்டை மட்டும்தான் வெட்டுவார்கள்.

ஃபோர்மேன் எங்கே ஓடினார்?

*

“மேடம், இன்னிக்குச் சாயங்காலம்தான் கடைசி” என்றார் கம்பெனி மேனேஜர் போனில்.

எதிர்முனையில் ஃபோர்மேனின் மகள். வீட்டில் பெரியவள். ஒரு வங்கியின் கால் சென்டரில் வேலை. மற்றவர்கள் செய்த தப்புக்கு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பதுதான் அவளுடைய உத்தியோகம்.

“ஒன்பதாவது மாடியில ஒரு பெரியவர் இருக்கார் மேடம். டயாலிசிஸ் கேஸ். ஒவ்வொரு தடவையும் நாற்காலியில உக்கார வெச்சுத் தூக்கிட்டு இறங்குறாங்க. எத்தனை நாளைக்கு?”

“உங்க சிரமத்துக்கு வருந்துறோம் சார்.”

“நீங்க ஏன் வருந்துறீங்க? துக்கம் உங்க வீட்டுல.”

“பழக்கதோஷம் சார்.”

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நினைவுக் கூட்டம் முடிஞ்சதும் நேரா அங்க போறோம். அம்மா சாவி குடுத்தா சந்தோஷம். இல்லைன்னா வெளியிலேர்ந்து கட்டர் ஆளை வரச் சொல்லியிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க. ஃபோர்மேன் எங்க குடும்பத்துல ஒருத்தர்.”

குடும்பத்தில் ஒருத்தருடைய பூட்டை வெட்ட ஆளுக்குச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் குடும்பத்துக்கே போன் செய்கிறார். பெரியவள் வாடிக்கையாக எல்லோருக்கும் சொல்வதுபோல நன்றி சொல்லி வைத்தாள்.

அம்மா கட்டிலில், அப்பா படுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, கூட்டத்துக்குத் தயாராகியிருந்தார். வலது கை மட்டும் மூடியே இருந்தது. ஒற்றைக் கையால் எப்படிப் பின்னல் போட்டார் என்பது தெரியவில்லை.

“அம்மா, சாயங்காலம் வெட்டிடுவாங்களாம்.”

“வெட்டட்டும் பாக்கலாம்.”

“நீயே போய்த் திறந்துட்டா அப்பாவுக்கு மரியாதைதானே? வெட்டினா ஓடிப்போனவன் பூட்டு மாதிரி ஆயிடும்.”

“திறந்தா?”

“லிஃப்ட் ஓடும்.”

“அந்த அட்டையை என்ன பண்ணுவாங்க?”

பெரியவள் போனைக் கட்டில் மேல் வைத்தாள்.

“கழட்டிடுவாங்கல்ல? அதுல என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியும்ல?”

தெரியும். ஆள் வேலையில் இருக்கிறார். அம்மாவுக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு வரிதான். அதையும் கழற்றிக் கொடு என்றால் யார் கொடுப்பார்கள்?

தினமும் சாயங்காலம் நடந்தது இது. அப்பா வாசலில் வந்து நிற்பார். செருப்பைக் கழற்ற மாட்டார். அம்மா வந்து அவர் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டு, சாவியை எடுத்து, கதவோரம் இருக்கும் ஆணியில் மாட்டுவார். அது வரை அவர் வீட்டுக்கு வந்ததாகக் கணக்கில்லை. உலகத்தில் அந்தச் சாவியைத் தொட உரிமையுள்ள இரண்டாவது ஆள் அம்மா மட்டும்தான். சண்டை போட்டு முகம் பார்க்காத நாட்களும் உண்டு. அப்போதும் அந்த இரண்டு விரல்கள் மட்டும் லீவு எடுத்ததில்லை.

“உன் குறட்டையில பேரிங் தேய்ஞ்ச சத்தம் கேக்குது” என்பார் அப்பா காலையில்.

“அப்ப ஆயில் விடுங்க. மெக்கானிக்னு சொல்லித்தானே கட்டிவெச்சாங்க” என்பார் அம்மா.

பெரியவளுக்குச் சின்ன வயதில் லிஃப்ட் என்றால் நடுக்கம். லிஃப்ட் மெக்கானிக் மகள் மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறுவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. ஒரு நாள் அவளை மெஷின் ரூமுக்கே தூக்கிக்கொண்டு போய், லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிறுகளைக் காட்டினார். “இதுல ஒரு கயிறு போதும், நம்ம எல்லாரையும் தூக்க. மிச்சம் நாலு எதுக்குத் தெரியுமா? லிஃப்டைக் கண்டுபுடிச்சவனுக்கும் உன்னை மாதிரி ஒரு பொண்ணு இருந்திருக்கும்.”

அதன் பிறகு அவள் பயப்படவில்லை. ஐந்து கயிறு இருக்கிறது என்ற தெம்பிலேயே இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

“கிளம்பலாமா?” என்று கதவருகில் வந்து நின்றான் சின்னவன். அவளுடைய தம்பி. வீட்டில் ஜோக் காண்ட்ராக்ட் முழுக்க அவனுடையது. போன வாரத்திலிருந்து காண்ட்ராக்டை ரத்து செய்துவிட்டான். முகச் சவரம் செய்த இடத்தில் மூன்று வெட்டு.

“ஆபீசுக்கு லீவு சொல்லிட்டியாடா?” என்றார் அம்மா.

“சொல்லிட்டேம்மா.”

“பாவம், ரொம்ப நல்ல ஆபீசு. ஒருத்தர்கூட ஏன் வரலைன்னு போன் பண்ணலை.”

சின்னவன் செருப்பைத் தேடப் போனான். செருப்பு அவன் காலில்தான் இருந்தது.

*

கம்பெனி பட்டறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் அப்பாவின் படம். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியதில், அப்பா ஏதோ கொசுவலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பது போலிருந்தார். படத்துக்குப் பின்னால் அறிவிப்புப் பலகை. அதில் புதுத் தாள் ஒன்று: ‘ஃபோர்மேன் தேவை. அனுபவம் உள்ளவர்கள் அணுகவும்.’

மேனேஜர் பேசினார். ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார். பலகை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

“ஒரு நாள்கூட லீவு எடுக்காதவர்” என்றார் அடுத்து.

அது பொய். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது முழு மாதம் லீவு போட்டு, துணி துவைத்து, சமைத்து, எல்லாவற்றிலும் லேசாக மெஷின் ஆயில் வாசனை வரும்படி செய்தவர் அப்பா. பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேனேஜரைத் தாண்டி அந்தப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நடுவில் ஒரு போன் குத்துப்பாட்டோடு அலறியது. மேனேஜருடையது.

அதற்கப்புறம் கிரீஸ் எழுந்தார். அப்பாவிடம் வேலை பழகியவர்களில் மூத்தவர். சேர்ந்த புதிதில் ஒரு வருஷம் முழுக்கக் கிரீஸ் டப்பாவோடு மட்டும் அலையவிட்டதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அவருக்குப் பேத்தி பிறந்துவிட்டாள். பெயர் போகவில்லை. பெரியவளுக்கும் சின்னவனுக்கும் அவர் கிரீஸ் சித்தப்பா. அன்றைக்கு அப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிய நாலு பேரில் ஒருவர்.

“எனக்குப் பேச வராது. ஸ்பேனர்தான் வரும்” என்று ஆரம்பித்தார். “ஆனா ஒண்ணு சொல்லணும். வீட்டுல போய்ச் சொல்ல நாக்கு வரல. இங்க, எல்லார் முன்னாலயும் சொன்னாத்தான் அண்ணனுக்குப் பெருமை.”

பின்வரிசையில் ஒருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“நான் பக்கத்துக் கட்டடத்துல இருந்தேன். மேல பாக்கப்போன வாட்ச்மேன் போன் பண்ணான். ஓடிப்போய் ஏறுனேன். அண்ணன் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தார். வாய் கோணிப்போச்சு, பேச்சு வரல. ஆனா கண்ணு முழிச்சிருந்தது. ஆம்புலன்ஸ்காரங்க வந்து, ‘லிஃப்டைப் போடுங்க, சீக்கிரம் இறக்கிடலாம்’னாங்க. நானும் மனுஷன்தானே. பூட்டுச் சட்டமெல்லாம் அப்ப யாருக்கு வேணும்? அவர் பைக்குள்ள கையை விட்டேன்.”

அம்மாவின் மூடிய கை மடியிலிருந்து லேசாக எழும்பியது.

“என் கையைப் புடிச்சுட்டார். வேணாம்னு தலையை ஆட்டினார். பை மேல உள்ளங்கையை அழுத்தி வெச்சுக்கிட்டார். நான் இழுத்துப் பாத்தேன், அசையல. உசுரு போற நேரத்துல அவ்வளவு பலம். படியில தூக்கிட்டு இறங்கும்போதும் கை பை மேலதான். நாலாவது மாடி வரைக்கும் எடுக்கல.” கிரீஸ் மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நாலாவது மாடி திரும்பும்போது அது தானா சரிஞ்சுது. அடுத்தவன் கை தன் பூட்டுல படக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவர், சாகும்போதும் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போனார். அதான் எங்க அண்ணன்.”

முதலில் கை தட்டியது மேனேஜர். அப்புறம் எல்லோரும். மேனேஜர் பக்கத்தில் இருந்தவரிடம், “இதை அப்படியே பாதுகாப்பு வாரத்துக்குப் போஸ்டராப் போட்டுடலாம்” என்றார், கண்ணைத் துடைத்தபடியே.

பெரியவளும் தட்டியிருப்பாள். கைகள் பாதி வழியில் நின்றுவிட்டன. அம்மா எழுந்து நின்றிருந்தார்.

“கிரீஸு, லிஃப்டுல கீழ வர எவ்வளவு நேரம் ஆகும்?”

“அண்ணி...”

“நீ மெக்கானிக்குதானே? சொல்லு.”

“ஒரு நிமிஷம்கூட ஆகாது அண்ணி.”

“படியில?”

கிரீஸ் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அப்ப அவருக்கு வீட்டுக்கு வர இஷ்டமில்ல.” அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில்தான் அம்மா சொன்னார். “நான் வாசல்ல நிப்பேன்னு தெரியும். தெரிஞ்சும் பூட்டுதான் பெரிசுன்னு முடிவு பண்ணியிருக்கார். சரி. மேனேஜர் சார், போய் வெட்டிக்குங்க.”

மேனேஜர் திணறினார். “அம்மா, நீங்க சாவி குடுத்துட்டா வெட்டவே வேண்டாமே.”

“சாவி என்னோடது. பூட்டு உங்களோடது.”

அப்பாவின் படத்தை அம்மா ஒரு தடவை பார்த்தார். காலையில் கட்டிலில் அவர் பக்கம் உட்கார்ந்திருந்தவர் பார்த்த பார்வை இல்லை அது. வீடு மாறி வந்துவிட்ட ஆளைப் பார்ப்பது போலிருந்தது.

காலையில் சாவி கிடைத்தால் போதும் என்றிருந்தது பெரியவளுக்கு. இப்போது சாவி ஒரு விஷயமே இல்லை. இத்தனை வருஷக் கல்யாணத்தை, இரண்டு விரல்களை, பேரிங் ஜோக்கை, எல்லாவற்றையும் அம்மா ஒரே மூச்சில் கணக்கை முடித்து மூடிவிட்டார். அப்பாவை மறுபடி ஒரு தடவை தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

தம்பியைத் தேடினாள். அவன் நாற்காலி காலியாக இருந்தது. வெளியே குழாயடியில் முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.

*

கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மூடிய லிஃப்ட் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ பெரியவளுக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது.

முன்னால் கட்டர் ஆள், தோளில் நீளக் கட்டரோடு. அவன் பின்னால் கிரீஸ். அப்புறம் அம்மா, ஆபரேஷன் செய்த முழங்காலோடு, கைப்பிடியைத் தொடாமல். மேனேஜர் இரண்டாவது மாடியில் கழுத்துப் பட்டனைக் கழற்றினார். மூன்றாவது மாடியில், “பதினோரு மாடி யாருய்யா கட்டச் சொன்னது” என்றார்.

வழியில் கதவைத் திறந்து பார்த்த ஒரு பெண், “இன்னிக்காவது ஓடுமா?” என்று கேட்டாள். கட்டர் ஆள் கட்டரைத் தோள் மாற்றிக்கொண்டு ஏறினான்.

நாலாவது மாடித் திருப்பத்தில் சின்னவன் உட்கார்ந்துவிட்டான். பெரியவள் ஐந்தாவது மாடிக்குப் போன பிறகுதான் கவனித்தாள். திரும்பி இறங்கி வந்தாள்.

“எழுந்திருடா. அம்மா மேல போயிட்டாங்க.”

“இங்கதானேக்கா?”

“ஆமா. இங்கதான்.”

“நான் அப்பக் கீழ இருந்தேன்.”

“எங்க கீழ?”

“குழியில.”

லிஃப்ட் பெட்டி இறங்கி வந்து நிற்கும் இடத்துக்கும் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு குழி உண்டு. குப்பை விழும், தண்ணீர் ஊறும். மெக்கானிக்குகள்தான் இறங்கிச் சுத்தம் செய்வார்கள். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பிக்கு என்ன வேலை?

“எனக்கு வேலை போய் மூணு மாசம் ஆச்சு” என்றான் அவன். “அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். ‘சும்மா பார்க்குல உக்காந்து பொழுதைக் கழிக்காதே, வேற வேலை கிடைக்கிற வரைக்கும் என்கூட வா’ன்னார். கம்பெனிக்குத் தெரியாது. அன்னிக்கு ரெண்டு பேரும்தான் வந்தோம். நான் கீழ குழியில. அவர் மேல போய்ப் பூட்டைப் போட்டுட்டு, ‘இறங்குடா’ன்னு போன் பண்ணார். அதான் கடைசி.”

“உன் பூட்டு?”

“எனக்கு ஏது பூட்டு? கேட்டேன். ‘வேலையிலயே சேராதவனுக்குப் பூட்டு எதுக்கு, என் பூட்டு நம்ம ரெண்டு பேருக்கும் போதும்’னார்.”

பெரியவள் படியில் உட்கார்ந்தாள்.

ஆளுக்கொரு பூட்டு என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுத்தவர், தன் மகனுக்காக அதை மீறியிருக்கிறார். கிரீஸ் பைக்குள் கையை விட்டபோது குழிக்குள் ஆள் இருப்பது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்கும் பேச்சு வரவில்லை. பூட்டு திறந்திருந்தால், சுவிட்சைப் போட்டிருந்தால், பெட்டி நேராக இவன் தலைக்கு வந்திருக்கும். வாயால் சொல்ல முடியாததை நாலாவது மாடி வரை கையால் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். கூட வந்த அத்தனை பேருக்கும் அது வேறு மாதிரி கேட்டிருக்கிறது.

“அம்மாகிட்ட சொல்லு.”

“முடியாதுக்கா. சொன்னா என் மூஞ்சியை எப்படிப் பாப்பாங்க?”

“சொல்லலைன்னா அப்பா மூஞ்சியை எப்படிப் பாப்பாங்க? பட்டறையில பாத்தேல்ல?”

“நீ சொல்லிடேன்.”

சொல்லலாம். மன்னிப்புக் கேட்பதில் அவளுக்குப் பயிற்சி உண்டு. தாமதத்துக்கு ஒரு குரல், தவறான தொகைக்கு ஒரு குரல், தொலைந்துபோன கார்டுக்கு ஒரு குரல் என்று அளவெடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். இதற்கு எந்தக் குரல்? புருஷன் உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை, உன் பிள்ளையைக் காப்பாற்றத்தான் போனார் என்று ஒரு தாயிடம் சொல்லலாம். அந்த நிமிஷமே அப்பா அம்மாவுக்குத் திரும்பக் கிடைப்பார். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் வாசல் வழியாக உள்ளே வரப்போவது, அப்பா போகக் காரணமான இவன். ஒருவரைக் கொடுத்து ஒருவரை எடுத்துக்கொள்கிற சமாசாரம். அதைச் செய்ய அவள் யார்?

“என்னால முடியாதுடா” என்றாள். “நீ சொல்லாம இருந்தாலும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே உன் ஜோக்குக்கு எனக்குச் சிரிப்பு வராது.”

மேலிருந்து மேனேஜரின் குரல் படிக்கட்டு வழியாக உருண்டு வந்தது. “வந்தாச்சுப்பா, வந்தாச்சு! ஆரம்பிக்கலாம்!”

சின்னவன் எழுந்தான். முதலில் இரண்டு படி ஏறி நின்றான். அப்புறம் ஓட ஆரம்பித்தான். பெரியவள் பின்னால் ஓடினாள். ஒன்பதாவது மாடியில் நாற்காலியில் ஒரு பெரியவர் வாசலிலேயே உட்கார்ந்து காத்திருந்தார். மருத்துவமனைப் பை மடியில். யாரைப் பார்த்தும் புன்னகைக்கத் தயாராக இருந்தார். அவரைத் தாண்டி ஓடினார்கள்.

*

மெஷின் ரூமில் கட்டர் ஆள் காலை அகட்டி நின்று, கட்டரின் வாயைப் பூட்டின் வளையத்தில் கவ்வ வைத்திருந்தான். கிரீஸ் சுவர் பக்கம் திரும்பி நின்றார். மேனேஜர் வியர்வை துடைத்தார். அம்மா மட்டும் நேராகப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், பல் பிடுங்குவதை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது போல.

“வெட்டாதீங்க” என்றான் சின்னவன்.

கட்டர் ஆள் மேனேஜரைப் பார்த்தான். “சார், வெட்டவா வேணாமா? எனக்கு இன்னொரு எடத்துக்குப் போணும்.”

“அம்மா, அன்னிக்கு அப்பா தடுத்தது பூட்டுக்காக இல்ல.”

“பின்ன எதுக்காம்?” என்றார் அம்மா, திரும்பாமல்.

“உள்ள ஆள் இருந்துச்சு.”

கிரீஸ் சட்டென்று திரும்பினார். “என்னடா உளறுற? யாரும் இல்ல. அண்ணன் தனியாத்தான் வந்தார். வாட்ச்மேன்கூடச் சொன்னானே.”

“நான் பின்பக்கமா வந்தேன் சித்தப்பா. கீழ குழியில நான்தான் இருந்தேன்.”

கட்டர் ஆள் கட்டரை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தான். கிரீஸ் தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு அண்ணனின் பைக்குள் போன கை. அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தார். அப்பா உட்கார்ந்திருந்த அதே இடம்தானா என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

அம்மா திரும்பினார்.

“ஆபீசு?”

“மூணு மாசமா இல்லம்மா.”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். தன்னிடம் சொல்லாத இரண்டு பேரில் ஒருவரிடம் இனிமேல் கேட்கவும் முடியாது.

“அவரைத் தூக்கிட்டு இறங்குனாங்களே, உனக்குச் சத்தம் கேட்டுச்சா?”

சின்னவன் உதட்டைக் கடித்தான். “கேட்டுச்சு.”

“என்னன்னு நெனச்ச?”

“யாரோ வீடு மாத்துறாங்க, கட்டில் இறக்குறாங்கன்னு நெனச்சேன்.” மூச்சை இழுத்துக்கொண்டான். “லிஃப்டு இல்லாத நேரம் பாத்து வீடு மாத்துறாங்களே, பாவம்னு சிரிச்சேம்மா. அப்பா கூப்புடுற வரைக்கும் வெளிய வராதேன்னு சொல்லியிருந்தார். ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அவர் கூப்புடவே இல்ல.”

யாரும் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அழுகைக்கு ஒரு முடிவு உண்டு, தண்ணீர் கொடுக்கலாம், தோளைத் தட்டலாம். பெரியவள் அம்மாவின் முகத்தில் கோபத்தைத் தேடினாள். கோபம் இருந்தால் அதற்கும் ஒரு வழி இருக்கும். அங்கே ஒன்றும் இல்லை.

மேனேஜர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கணக்கில் இல்லாத ஆள், விபத்து, கம்பெனி என்று அவர் தலைக்குள் ஓடுவது நெற்றியிலேயே தெரிந்தது. அம்மா அவர் பக்கம்கூடப் பார்க்கவில்லை. திறந்த வாய் அதுவாகவே மூடிக்கொண்டது.

“கிரீஸு” என்றார் அம்மா.

“அண்ணி.”

“யார் உசுருக்காகப் பூட்டு போட்டிருக்கோ, அவங்கதானே திறக்கணும்? உங்க சட்டம் அதானே?”

கிரீஸ் தரையில் கையை ஊன்றி எழுந்து நின்றார். அதைவிடக் கஷ்டமான பரீட்சையை ஃபோர்மேன் அவருக்கு வைத்ததில்லை.

“ஆமா அண்ணி. அதான் சட்டம்.”

அம்மா வலது கையை விரித்தார். ஒரு வாரமாக மூடியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் பிரிந்தன. உள்ளங்கையில் சாவி பதிந்து, அதன் பல் எல்லாம் தோலில் சிவப்பாக இருந்தது. அந்தக் கையை மகனிடம் நீட்டினார்.

“திற.”

அது மன்னிப்பா, தண்டனையா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை.

சின்னவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றான்.

அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை.